கீழ்வரிசை மூட்டைகள்

கலைவாணி வேலை பார்த்த பவுடர் மில், செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற சாலையில் இருந்தது. பெயர்தான் மில். தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை. கல்லை உடைக்க ஒரு மெஷின், சலிக்க ஒரு மெஷின். அவலூர்பேட்டைப் பக்கத்துக் குவாரியிலிருந்து டிப்பரில் வரும் வெள்ளைக் கல்லை அங்கே குருணையாக உடைத்து, மூட்டை கட்டி அனுப்புவார்கள். முன்பெல்லாம் அது டைல்ஸ் கம்பெனிகளுக்குத்தான் போனது. இரண்டு வருடமாக எஃகு ஆலைக்குப் போகிறது. அதற்குக் காரணம் கலைவாணியின் புருஷன் இளவழகன்.

திண்டிவனம் தாண்டிப் புதுச்சேரி சாலையில் இருந்த அந்த ஆலையில்தான் அவனுக்கு வேலை. பழைய இரும்பை உருக்கி எஃகாக்குகிற ஆலை. உருகிய எஃகில் கந்தகம் மாதிரி அழுக்கு இருக்கும். சுண்ணாம்பைப் போட்டால் அது அழுக்கைப் பிடித்துக்கொண்டு கசடாக மேலே மிதக்கும். ஆனால் சுண்ணாம்பு தானாக இளகாது, கட்டி கட்டியாக நிற்கும். அதை இளக்க இன்னொரு கல்லைச் சேர்க்க வேண்டும். அந்தக் கல் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு முறை கப்பல் இரண்டு மாதம் தள்ளிப்போனபோது, ஆலை மேனேஜர் எழிலன், நம் பக்கத்தில் இளகுகிற கல்லே கிடையாதா என்று சலித்துக்கொண்டார். இளவழகன் அதைக் காதில் வாங்கிக்கொண்டான். மறுநாள் சாப்பாட்டுப் பையில் இரண்டு வெள்ளைக் கற்களைப் போட்டுக் கொண்டுபோய் லேபில் கொடுத்தான்.

மூன்று மாதம் சோதனை நடந்தது. அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில், கசடு கஞ்சி மாதிரி இளகி ஓடியது. கந்தகமும் இறங்கியது. எழிலன் எல்லார் முன்னாலும் இளவழகன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த வருடமே அவனை ஷிஃப்ட் மேஸ்திரி ஆக்கினார்.

"நம்ம செஞ்சி கல்லு இனிமே ஃபிளக்ஸுடி" என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னான். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ரோட்டோரம் கட்டுகிற பேனரைச் சொல்கிறான் என்றுதான் கலைவாணி நினைத்தாள். அவன் சிரித்துவிட்டு விளக்கினான். இரும்பைச் சுத்தம் செய்யப் போடுகிற சரக்குக்கு அங்கே அதுதான் பெயராம்.

மில்லில் ஆள் அதிகம் தேவைப்பட்டபோது அவளும் சேர்ந்தாள். குருணையைச் சாக்கில் நிரப்பி வாய் தைக்கிற வேலை. காலையில் தான் தைத்த மூட்டை இரண்டு நாள் கழித்துப் புருஷன் கண்ணெதிரில் நெருப்பில் விழும் என்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இளவழகன் ஒரு விஷயத்தை அடிக்கடி சொல்வான். "எங்களுக்கு நெருப்பு பயமில்ல. தண்ணிதான் பயம். எஃகுக்கு மேல விழுந்துச்சின்னா புஸ்ஸுனு ஆவியா போயிடும். அடியில மாட்டிக்கிச்சின்னா வெடிதான். ஒரு சொம்பு தண்ணி போதும்." அதனால் வருகிற மூட்டை எதுவானாலும், உலைக்குப் பக்கத்தில் சூடான இரும்புத் தகட்டின் மேல் ஒரு நாள் முழுக்க அடுக்கிக் காயவைத்த பிறகே எடுப்பார்களாம்.

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. சங்கராபரணி ஆற்றில் தண்ணீர் பாலத்தைத் தொட்டுக்கொண்டு போனது. பஸ் நின்றது, பள்ளிக்கூடம் நின்றது, கரண்ட்டும் போய்விட்டது. திங்கட்கிழமை வெயில் வந்ததும் மில்லுக்குப் போனார்கள். கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடி வடிந்திருந்தது. அடுக்கி வைத்திருந்த அறுபது மூட்டைகளில் மேலே உள்ளவை தார்ப்பாய்க்கு அடியில் நன்றாக இருந்தன. கீழ்வரிசை பதினாலும் ஊறிக் கிடந்தன.

முதலாளி அரிகிருஷ்ணன் எட்டு மணிக்கே வந்துவிட்டார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"ஆலையில ஒரு மூட்டை கூட இல்லியாம். நாலு நாளா வண்டி போவல. இன்னைக்கு லோடு ஏறலன்னா பழையபடி வெளிநாட்டுக் கல்லுக்கே போயிடறேன்னு சொல்றான் அந்த மேனேஜரு."

"அடி மூட்டையெல்லாம் ஊறிப்போயிருக்குது மொதலாளி" என்றாள் ரத்தினம்மாள். மில்லில் எல்லாருக்கும் மூத்தவள் அவள்தான்.

"தெரியுது. வேற சாக்குல மாத்திடுங்க. பாக்கறதுக்குக் காஞ்சாப்ல இருந்தா போதும். அவனுங்க எப்படியும் காயவெச்சுத்தானே போடறானுங்க? இன்னா கலைவாணி, உன் வூட்டுக்காரன் தானே அங்க மேஸ்திரி?"

மற்ற ஐந்து பெண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றாள் கலைவாணி. "ஒரு நாள் முழுக்கக் காயவெப்பாங்க."

அவள் அதைச் சொன்ன பிறகு எல்லாரும் வேலையில் இறங்கினார்கள். ஈரச் சாக்குகளை அவிழ்த்துப் புதுச் சாக்குகளில் கொட்டத் தொடங்கினார்கள். ஈரக் குருணை சாக்கிலிருந்து இறங்க மறுத்தது. கையால் வழித்துப் போட வேண்டியிருந்தது. ஒரு பிடி அள்ளி அழுத்தினால் பிடிகொழுக்கட்டை மாதிரி நின்றது. கலைவாணி மட்டும் ஆறு மூட்டை மாற்றித் தைத்தாள். இடையில் ஒரு தடவை, இளவழகனுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கை முழுக்கச் சேறு. போன் பைக்குள் இருந்தது. கழுவிவிட்டு வரலாம் என்று எழுந்தபோது லாரி வந்துவிட்டது. ஏற்றி முடிக்கப் பகல் பன்னிரண்டு ஆனது. அதன் பிறகு அவள் அதை மறந்துபோனாள்.

*

அன்று இளவழகனுக்கு இரண்டாவது ஷிஃப்ட். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் அவனிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம்.

"கலை, சிராஜ் பாய்க்கு அடிபட்டுடுச்சு. லேடில் பொங்கிடுச்சு. புதுச்சேரிக்குக் கொண்டுக்கினு போறோம். நீ போய் ரோஷன் பீ அக்காகிட்ட பக்குவமா சொல்லு. உடனே கெளம்பச் சொல்லு."

லேடில் என்பது உருகிய எஃகை ஏந்துகிற பெரிய இரும்பு வாளி. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் என்று இளவழகன் சொல்லியிருக்கிறான். அது பொங்குவது என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை.

சிராஜுதீன் பள்ளிவாசல் தெருவில் குடியிருந்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர். இருபது வருடமாக உலையடியில் நிற்பவர். இளவழகனும் அவரும் ஒரே வேனில் போய் வருவார்கள். அவர் மனைவி ரோஷன் பீ வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். கலைவாணி போனபோது மெஷினில் ஒரு கைப்பட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாய்க்குக் கொஞ்சம் அடிபட்டுடுச்சாம். பயப்படாதீங்க. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க."

ரோஷன் பீ மெஷினை நிறுத்தினாள். "கொஞ்சம்னா உன்னை எதுக்கு அனுப்பறாங்க?" என்று கேட்டாள். பிறகு எழுந்து, முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, கலைவாணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி ஆச்சாம்? எதுனா சொன்னாரா?"

"தெரியலக்கா."

அந்த நேரத்தில் அது உண்மைதான். ஆனால் ரோஷன் பீயின் தம்பி வந்து அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, கலைவாணி தெருவிலேயே நின்றாள். காலையில் சாக்குகளில் வழித்துப் போட்ட ஈரம் விரல் இடுக்கில் இன்னும் இருப்பது போல இருந்தது. ஒரு நாள் காய்ந்திருக்காது. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிய லாரி, மூன்று மணிக்கு ஆலைக்குப் போயிருக்கும். இப்போது மணி ஆறரை.

இல்லை, அது வேறு மூட்டையாக இருக்கும், பழைய சரக்கு ஏதாவது மிச்சம் இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். ஒரு மூட்டை கூட இல்லை என்று அரிகிருஷ்ணன் சொன்னதும் நினைவில் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் இளவழகன் வந்தான். சட்டையில் அங்கங்கே பொட்டுப் பொட்டாகக் கருகியிருந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிராஜுதீனுக்கு முகத்தின் வலது பக்கமும் கழுத்தும் இரண்டு கைகளும் வெந்துவிட்டன, வலது கண் தேறாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னான். மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நைனா, உனுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டு அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

கலைவாணி சோறு போட்டாள். அவன் பிசைந்து வைத்துவிட்டுக் கை கழுவினான்.

"எதனாலன்னு எதுனா தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"பாய் மூஞ்சி மாஸ்க்க தூக்கிட்டாரு" என்றான். அவளைப் பார்க்காமல் சொன்னான்.

*

புதன்கிழமை அவள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் புதுச்சேரி போனாள். தீக்காய வார்டுக்குள் யாரையும் விடவில்லை. வெளியே வராந்தாவில், தரையில், ரோஷன் பீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளில் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"ராத்திரி கம்பெனி ஆளுங்க வந்தாங்க. மாஸ்க் போடலன்னு எழுதிக்கினு வந்து என்னைக் கையெழுத்து போடச் சொல்றாங்க. அவரு தப்புன்னு நான் ஒத்துக்கணுமாம். அப்பதான் ஆஸ்பத்திரி செலவு பாப்பாங்களாம்."

"போட்டீங்களா?"

"நான் எதுக்குப் போடறேன்? இந்த இருபது வருசத்துல அவரு மாஸ்க் இல்லாம ஒரு நாள் நின்னதில்ல. வேர்க்குதுன்னு சின்னப் பசங்க கழட்டினா வண்டை வண்டையா திட்டுவாரு. அவரு எதுக்குத் தூக்கினாரு? நீயே சொல்லு." அவள் குரலை உயர்த்தவில்லை. "உன் வூட்டுக்காரரு பக்கத்துலதானே இருந்தாரு. அவரு என்ன சொல்றாரு?"

கலைவாணி கஞ்சிப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தத் தரையில், அந்தப் பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்து, என் கைதான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "கேட்டுச் சொல்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது இளவழகன் கட்டிலில் படுத்திருந்தான். மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார், எல்லாரையும் விசாரிப்பார்கள் என்று அவனுக்கு லீவு கொடுத்திருந்தார்கள். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். கலைவாணி கதவைச் சாத்தினாள்.

"திங்கக்கெழம லோடு போச்சே, அதுல அடி மூட்டையெல்லாம் ஈரம்" என்றாள். "தண்ணி பூந்துடுச்சு. நாங்க வேற சாக்குல மாத்தி அனுப்பினோம். நான்தான் சொன்னேன், காயவெச்சுதான் போடுவாங்கன்னு. என்னை நம்பித்தான் எல்லாரும் செஞ்சாங்க. ஆறு மூட்டை நானே தெச்சேன்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்தது. அடிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் அடிக்கவில்லை.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்டி."

"பண்ணியிருக்கலாம்" என்றாள். "நீங்க காயவெச்சிருக்கலாமே. ஏன் காயவெக்கல?"

பக்கத்து வீட்டு டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"உலை ரெடியா நிக்குது. மூட்டை இல்லாம ரெண்டு மணி நேரமா நிக்குது. லாரி வந்ததும் எழிலன் சார் போன் மேல போன். 'செஞ்சி சரக்குதானே, உன் சரக்குதானே, தொட்டுப் பாரு, காஞ்சிருந்தா போடு'ன்னாரு. மேல ரெண்டு மூட்டையத் தொட்டுப் பாத்தேன். காஞ்சிருந்துச்சு. எடுத்துக்கினு வரச் சொன்னேன். காயவெச்ச மாதிரி ஷீட்டுல டிக் போட்டேன்."

"அப்புறம்?"

"சிராஜ் பாய் ரெண்டு மூட்டை போட்டாரு. மூணாவது மூட்டையத் தூக்கினாரு. தூக்கிட்டு நின்னுட்டாரு." அவன் குரல் உடைந்தது. "எஃகு ஊத்திக்கினு இருக்குது, சத்தத்துல ஒண்ணும் கேக்கல. மாஸ்க்க மேல தள்ளிட்டு என்னைப் பாத்துக் கத்தினாரு. 'மூட்டை ஜில்லுன்னு இருக்குது, இளவழகா. உள்ள கட்டி தட்டியிருக்குது.' நான் கைய ஆட்டினேன். போடு போடுன்னு ஆட்டினேன். போட்டாரு. மாஸ்க்க எறக்கறதுக்குள்ள..."

கலைவாணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவர் முகமூடியைத் தூக்கியது இவனிடம் சொல்வதற்காக. இவன் அதையே அவர் தப்பு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"இத நாளைக்குச் சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா? நான் உள்ள போவேன். உன் மில்ல சீல் வைப்பாங்க. அந்த அஞ்சு பொம்பளைங்க சோத்துக்கு இன்னா பண்ணுவாங்க? மிச்ச மூட்டையெல்லாம் எழிலன் சார் ரெண்டு நாளா தகட்டுல போட்டுக் காயவெச்சுட்டாரு. ஈரம்னு யார் வந்து பாத்தாலும் தெரியாது. நீ சும்மா இருந்தா ஒண்ணும் இல்ல."

"அக்காகிட்ட இன்னா சொல்றது?"

"செலவெல்லாம் கம்பெனி பாக்கும்."

"அவரு தப்புன்னு கையெழுத்து போட்டாத்தான் பாக்குமாம்."

"உனுக்கு இன்னா தெரியும்?" என்று கத்தினான். கத்திவிட்டு, வெளியே போய்விட்டான். மகள் வந்த பிறகும் அவன் வரவில்லை. அவள் சாப்பிட்டுப் படுத்த பிறகு வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இருவரும் தூங்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

*

வியாழக்கிழமை காலை அவன் கம்பெனி வேனில் போனான். அவன் போன பிறகு கலைவாணி ரத்தினம்மாள் வீட்டுக்குப் போய், விசாரணைக்குப் போகிறேன், நீயும் வா என்று கூப்பிட்டாள். ரத்தினம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னை விட்டுடு தாயே. எம் பையன் காலேஜ்ல இருக்கான். நீ போறதுன்னா போ. ஆனா நாங்க சொன்னோம்னு எங்க பேர எடுக்காத."

கலைவாணி தனியாகப் பஸ் ஏறினாள். திண்டிவனத்தில் மாறி, ஆலை வாசலில் இறங்கினாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கேட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்தரை மணிக்கு அரசாங்க ஜீப் வந்து கேட்டில் நின்றது. அவள் ஓடிப்போய் ஜன்னல் ஓரம் நின்றாள். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி இருந்தார்.

"மேடம், இந்த மூட்டைய தெச்சது நான்தான்" என்றாள். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஆய்வாளர் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஜீப்பின் பின்கதவைத் திறக்கச் சொன்னார்.

ஆபீஸ் அறையில் எழிலன் உட்கார்ந்திருந்தார். ஜீப்பிலிருந்து இவளும் இறங்கி வருவதைப் பார்த்து, "இந்தம்மா யாரு மேடம்?" என்றார். ஆய்வாளர் பதில் சொல்லாமல் கலைவாணியை உட்காரச் சொன்னார். அவள் திங்கட்கிழமை காலை நடந்ததைச் சொன்னாள். சாக்கு மாற்றியதைச் சொன்னாள். மற்ற பெண்களின் பெயரைச் சொல்லவில்லை. முதலாளி சொன்னார், நான் செய்தேன் என்றாள். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

"இது வீண்பழி மேடம்" என்றார் எழிலன். "ஈரமா வந்திருந்தாலும் எங்ககிட்ட காயவெச்சுத்தான் போடுவோம். ஷீட் இருக்குது. மிச்ச மூட்டை இருக்குது, நீங்களே பாருங்க. உள்ளூர் கல்லு வேணாம்னு நான் முதல்லயே சொல்லியிருக்கணும். அதான் என் தப்பு."

"ஷீட்டுல டிக் போட்டது யாரு?"

"ஷிஃப்ட் மேஸ்திரி. இளவழகன்."

இளவழகனைக் கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்தவன், நாற்காலியில் தன் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். கலைவாணி அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் அவளுக்காகவே பேசுவான், அல்லது அவளுக்காகவே பேசாமல் இருப்பான் என்று பட்டது. எது நடந்தாலும் அது அவனாகச் செய்ததாக இருக்கட்டும் என்று மேஜைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த டிக் நீங்க போட்டதா?"

"ஆமா மேடம்."

"மூட்டைய எவ்வளவு நேரம் காயவெச்சீங்க?"

எழிலன் இருமினார். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. வெளியே யாரோ இரும்புக் கம்பிகளைக் கொட்டினார்கள்.

"காயவெக்கல" என்றான் இளவழகன். "லாரியிலேர்ந்து எறக்கி நேரா உலை மேடைக்குத்தான் போச்சு. சார் அவசரப்படுத்தினாரு. ஆனா எடுத்துக்கினு வரச் சொன்னது நான். சிராஜ் பாய் மூட்டை ஜில்லுன்னு இருக்குதுன்னு சொன்னாரு. அதச் சொல்லத்தான் மாஸ்க்கத் தூக்கினாரு. நான்தான் போடச் சொன்னேன்."

சொல்லி முடித்ததும் அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். யாரும் சொல்லாமலே கலைவாணி எழுந்து அந்த நாற்காலியை அவனுக்கு நகர்த்திப் போட்டாள்.

*

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அந்த வாரமே மில்லுக்குச் சீல் வைத்தார்கள். அரிகிருஷ்ணன் மீதும், எழிலன் மீதும், இளவழகன் மீதும் வழக்குப் பதிவானது. எழிலன் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பேச்சு வந்தது. இளவழகனை வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் வந்தது. சிராஜுதீன் மீது தப்பில்லை என்று ஆய்வாளர் எழுதியதால், அவருடைய வைத்தியத்தையும் நஷ்டஈட்டையும் ஆலையே ஏற்க வேண்டியதானது. அது முழுசாகக் கைக்கு வர இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

செஞ்சிக் கல்லை ஆலை நிறுத்திவிட்டது. மறுபடி கப்பல் கல். கல்லில் ஒரு குறையும் இல்லை, தண்ணீரில்தான் குறை என்று இளவழகன் ஆரம்பத்தில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னான். கேட்கிறவர்கள் தலையாட்டினார்கள். பிறகு அவனும் சொல்வதை விட்டுவிட்டான். அவலூர்பேட்டையில் ஒரு மண்டியில் மூட்டை தூக்கப் போனான்.

ரத்தினம்மாளும் மற்றவர்களும் கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்குகிற வேலைக்குப் போனார்கள். கலைவாணியும் போனாள். வரப்பில் சாப்பிட உட்காரும்போது அவர்கள் ஐந்து பேரும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். அவளை யாரும் திட்டவில்லை. தண்ணீர் கேட்டால் கொடுத்தார்கள். ஆனால் அவள் பக்கத்தில் வந்து யாரும் உட்காரவில்லை. ஒரு நாள் ரத்தினம்மாள் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "எம் பையன் படிப்ப நிறுத்திட்டான், தெரியுமா?" என்றாள். கலைவாணி தெரியும் என்று தலையாட்டினாள்.

மாசி மாதம் சிராஜுதீனை வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போகத்தான் வேண்டும் என்று கலைவாணி சொன்னாள். இளவழகன் சட்டையை மாற்றிக்கொண்டு, மறுபடி கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டான். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சிராஜுதீன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணை மூடித் துணி ஒட்டியிருந்தது. கன்னத்துத் தோல் இறுகி, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. இளவழகன் வாசலுக்கு உள்ளே ஓரடி வைத்து நின்றான். அப்படியே குந்தி உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"எழுந்திரு இளவழகா" என்றார் அவர். பேச்சு குழறியது. "நானும் போடமாட்டேன்னு சொல்லியிருக்கலாம். இருபது வருசமா நிக்கறவன். கைக்குத் தெரிஞ்சுது, ஜில்லுன்னு இருக்குதுன்னு. தெரிஞ்சும் போட்டேனே."

ரோஷன் பீ தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள்.

"நீங்க சும்மா இருங்க. அவங்க பாரத்த நீங்க எதுக்குத் தூக்கறீங்க?" என்றாள். கலைவாணியின் பக்கம் திரும்பினாள். "நீ போய்ச் சொன்னது எனக்குத் தெரியும். ஊரே சொல்லுது. நல்லவங்கிறாங்க. ஆனா அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ கஞ்சி குடுத்தப்ப, உனக்குத் தெரிஞ்சிருந்துச்சுல்ல?"

"தெரிஞ்சிருந்துச்சுக்கா."

"அதான் என்னால தாங்க முடியல. மத்ததெல்லாம் தாங்கிக்குவேன்."

கலைவாணி கொண்டுபோன பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். ரோஷன் பீ அதை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

பழத்தை வாசல் ஓரத்தில் வைத்துவிட்டு அவர்கள் கிளம்பிப் படி இறங்கும்போது பின்னால் அவள் குரல் கேட்டது.

"வெள்ளிக்கெழம கண்ணு காட்டப் போவணும். பஸ்ல ஏத்தறதுக்கு என்னால ஒருத்தியால முடியாது. தம்பிக்கும் வேலை இருக்குது."

"நான் வரேன்க்கா" என்றான் இளவழகன் உடனே. "காலையில அஞ்சரைக்கு வந்துடறேன்."

"உன்னக் கேக்கல நான். சொன்னேன்" என்றாள் ரோஷன் பீ. கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் தெருவுக்குப் போனான். கதவு திறந்திருந்தது. சிராஜுதீன் சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். ரோஷன் பீ ஒரு பக்கம் பிடித்தாள், அவன் இன்னொரு பக்கம் பிடித்தான். தோல் உரிந்த முழங்கையில் தன் விரல் படாமல் அவன் பார்த்துப் பிடித்தான். பஸ்ஸிலும் புதுச்சேரி வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனான். அங்கே வைத்துவிட்டு வந்த பழம் என்ன ஆனது என்று கலைவாணி அன்று சாயங்காலம் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை.